மூன்று தரத்துக்குப் பின் நாலாவது தரமா?

ஏலம் என்று சொன்னால் போடிநாயக்கனூரில் இரண்டு பொருள் உண்டு. மலைச்சரிவில் விளைவதும் ஏலம். விளைந்ததை விலை கூறி விற்பதும் ஏலம். இந்த இரண்டையும் நம் வட்டாரத்துத் தொழிலாளத் தோழர்கள் நன்றாக அறிவார்கள். ஒன்றைத் தம் கையால் பறிக்கிறார்கள். மற்றொன்று நடக்கும் மண்டபத்துக்கு மூட்டையைத் தம் தோளால் சுமக்கிறார்கள்.

இப்போது மூன்றாவது ஏலம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. அது மண்டபத்தில் நடப்பதில்லை. தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்கும் செல்பேசியில் நடக்கிறது. பழைய ரேடியோவா, கைக்கடிகாரமா, நாணயமா, பழைய புத்தகமா, எது வேண்டுமானாலும் அங்கே கேட்கலாம். பொருள் இருப்பது சூரத்திலோ டெல்லியிலோ. கேட்பவர் இருப்பது குரங்கணியிலோ தேவாரத்திலோ. அதிக விலை கேட்டவருக்குப் பொருள் தபாலில் வந்து சேரும்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏலத்திலே நாள்தோறும் எழும் ஒரு தகராறு உண்டு. பொருளுக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, தபால் செலவு என்ற பெயரில் இன்னொரு விலை வாங்குவதே அது. ஊரறிந்த ஏலத்திலே 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூறினால் கதை முடிந்தது. அதன்பின் விலையில் ஒரு காசு ஏறாது. இந்தப் புது ஏலத்திலோ மூன்று தரம் முடிந்த பிறகுதான் நாலாவது தரம் தொடங்குகிறது. அந்த நாலாவது தரத்தைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போடிமெட்டுச் சரிவில் வேலை செய்யும் ஒரு தோழர் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை ஏலத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க விலை 50 ரூபாய். கேள்வி ஏறி ஏறி 210 ரூபாயில் அவருக்கு விழுகிறது. மகிழ்ச்சியோடு பணம் கட்டப் போகிறார். அப்போது வருகிறது ஓலை: தபால் செலவு 180 ரூபாய், கட்டுமானச் செலவு 60 ரூபாய், கையாளும் கட்டணம் 40 ரூபாய், ஆக மொத்தம் 490 ரூபாய்! கேட்டது 210, கொடுப்பது 490. வந்து சேர்ந்த பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், தபாலாபீசில் ஒட்டிய சீட்டில் 95 ரூபாய் என்று இருக்கிறது. மீதிப் பணம் எங்கே போயிற்று? எந்தத் தபால்காரர் வாங்கினார்?

கதை இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. ரேடியோ பாடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'திருப்பி அனுப்புங்கள், விலையைத் தருகிறோம்' என்கிறார் விற்றவர். திரும்பி வருவது 210 ரூபாய் மட்டும். முன்னே கொடுத்த 280 ரூபாய் போனது போனதுதான். திருப்பி அனுப்பும் தபால் செலவு 95 ரூபாயும் வாங்கியவர் தலையில். ஆக, ஒரு ரேடியோவை வாங்காமல் இருப்பதற்கு அந்த ஏழைத் தோழர் 375 ரூபாய் தண்டம் கட்டுகிறார்! இதற்குப் பெயர் வியாபாரமா, வழிப்பறியா?

'நூறு இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று வசதி படைத்தவர்கள் கேட்கலாம். அவர்களுக்குச் சொல்கிறோம்: விடியுமுன் எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்துபோய், அட்டைக்கடியில் நின்று காயெடுத்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், நூறு ரூபாய் என்றால் என்னவென்று! சில்லறை என்று நினைப்பவர்களுக்கு அது சில்லறை. உழைப்பவர்களுக்கு அது வியர்வை.

இனி, நம் ஊர் ஏலக்காய் ஏலத்தைப் பார்ப்போம். நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் அதே முறை நடக்கிறது. ஏலம் நடத்துபவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். காயின் மாதிரி வியாபாரிகளின் கைக்கு வருகிறது. லாட் எண்ணும் எடையும் திரையில் தெரிகின்றன. கிலோவுக்கு இவ்வளவு என்று பொத்தானை அழுத்துகிறார்கள். கமிஷன் எவ்வளவு, வரி எவ்வளவு என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அப்படி விலை உச்சிக்கு ஏறிய நாளிலும், 'ஏலம் விழுந்துவிட்டது, இனி மூட்டை கட்டிய கூலிக்கும் கையாண்ட கூலிக்கும் நாங்கள் சொல்லும் தொகையைக் கொடு' என்று எவராவது புதிதாக ஒரு சீட்டை நீட்டியிருந்தால் வியாபாரிகள் சும்மா இருந்திருப்பார்களா? மண்டபமே எழுந்து நின்றிருக்கும்! மறுநாள் ஏலமே நடந்திராது.

காரணம் என்ன? வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது. சட்டம் தெரிகிறது. பக்கத்தில் நின்று குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. செல்பேசி ஏலத்திலோ வாங்குபவர் தனியாள். அவருக்குப் பக்கத்தில் யாருமில்லை. அவர் ஏமாந்தது அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பல்லாயிரம் பேர் ஒரே விதமாக ஏமாந்தும், ஒவ்வொருவரும் தாம் ஒருவரே ஏமாந்ததாக நினைத்து வெட்கப்பட்டு வாய்மூடிக் கிடக்கிறார்கள். நாலாவது தரத்தின் வேர் இந்தத் தனிமையில்தான் இருக்கிறது.

இந்தத் தந்திரம் நம் நாட்டில் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1995-இல் தோன்றிய ஈபே என்ற இணைய ஏலக் கம்பெனியின் சந்தையில் இது வெகுகாலம் நடந்த கூத்து. கம்பெனி, விற்பவரிடம் கமிஷன் வாங்கியது. அந்தக் கமிஷன் பொருள் விலைக்கு மட்டுமே; தபால் செலவுக்குக் கிடையாது. விற்பவர்களில் சிலர் என்ன செய்தார்கள்? பொருளின் விலையை ஒரு காசு என்று போட்டார்கள். தபால் செலவைப் பத்து மடங்கு, இருபது மடங்கு உயர்த்தினார்கள். கமிஷனும் மிச்சம், மலிவு என்று நம்பி வருகிற கூட்டமும் லாபம். தகராறுகள் பெருகின. கடைசியில் 2011-இல் ஈபே, அமெரிக்காவில் தபால் செலவையும் சேர்த்தே கமிஷன் கணக்கிடத் தொடங்கியது. தந்திரத்துக்கு ஒரு பூட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். ஆனால் விளைவு என்ன? நேர்மையாகத் தபாலுக்குச் செலவழித்த சின்ன வியாபாரியும் அந்தச் செலவுக்குக் கமிஷன் கட்டவேண்டி வந்தது. தபால்தலை வாங்கிய காசிலும் கம்பெனிக்குப் பங்கு!

அந்தக் கம்பெனி 2004-இல் பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை விலைக்கு வாங்கி நம் நாட்டுக்குள் வந்தது. பிறகு இந்தியத் தளம் 2017-இல் ஃபிளிப்கார்ட் கைக்கு மாறி, 2018-இல் மூடப்பட்டது. கடை மூடப்பட்டதே தவிர, கற்றுக்கொடுத்த பாடம் மூடப்படவில்லை. விலையைக் குறைத்துக் காட்டித் தபாலில் பிடிக்கும் வித்தை இன்றும் பல கடைகளில், பல குழுக்களில் நடக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தபால் செலவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. பொருளைச் சுமப்பவருக்குக் கூலி உண்டு. அந்தக் கூலியை மறுப்பவர்கள் தொழிலாளர் பக்கம் நிற்க யோக்கியதை இல்லாதவர்கள். சுமைச் செலவு என்றால் என்னவென்று நம் மலைக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடி அடிவாரத்துக்குக் கம்பிவடத்தில் இறங்கிப் போடிக்கு வந்தது. தேயிலையை டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவர, குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908-இல் போட்ட ரயில் பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. நம் காலத்திலோ, அகலப் பாதை வேலைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூன் 15-இல்தான் மீண்டும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக ரயில் இல்லாத ஊருக்குச் சுமைச் செலவின் பாரம் தெரியாதா?

விற்கும் பக்கத்திலும் ஏழைகள் இருக்கிறார்கள். போடியிலும் சுற்று வட்டாரத்திலும் ஏலக்காயையும் மிளகையும் சிறு பொட்டலங்களாகக் கட்டி வெளியூருக்குத் தபாலில் அனுப்பிப் பிழைப்பவர்கள் உண்டு. 100 கிராம் பொட்டலத்துக்கும் அட்டைப்பெட்டி வேண்டும். கூரியர்காரருக்குக் கூலி வேண்டும். கூரியர் கணக்கோ தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000 ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோ என்று வைத்துக்கொள்வது பல கூரியர்களின் வழக்கம். 40-க்கு 30-க்கு 25 என்ற பெட்டியில் ஒரு கிலோ கூடையை வைத்தால், எடை 6 கிலோ என்று எழுதிக்கொள்வார்கள்! வாங்குபவர் வேண்டாமென்று திருப்பிவிட்டால், போக வரச் செலவு விற்றவர் தலையில். ஆகவே தபால் செலவு அதிகம் என்றவுடன் விற்பவரைத் திருடன் என்று ஏசுவதும் நியாயமன்று.

பின் நம் ஆட்சேபம் எதில்? மறைப்பதில்! செலவு 95 என்றால் 95 என்று முதலிலேயே சொல். 180 வேண்டுமென்றால் 180 என்று முதலிலேயே சொல். வாங்குபவர் கூட்டிப் பார்ப்பார், கட்டுப்படியானால் கேட்பார், இல்லையென்றால் போவார். கேள்வி முடியும்வரை மூடி வைத்திருந்து, கை மாட்டிக்கொண்ட பிறகு திறந்து காட்டுவதுதான் மோசடி. நேர்மையாக மொத்த விலையை எழுதி வைக்கும் போடி வியாபாரியின் 300 ரூபாய்ப் பொட்டலம் விலைபோகாமல் கிடக்கிறது; 149 என்று எழுதித் தபாலில் 200 பிடிப்பவரின் பொட்டலம் பறக்கிறது. வாங்குபவரும் ஏமாறுகிறார், நேர்மையாளரும் நசிகிறார். நடுவிலே உட்கார்ந்திருக்கும் சந்தைக் கம்பெனி மட்டும் இரண்டு பக்கமும் கமிஷனை எண்ணிக்கொள்கிறது.

தபால் என்ற ஏற்பாட்டின் வரலாறே இதற்கு நேர்மாறானது. 1854-க்கு முன் இந்த நாட்டில் கடிதக் கூலி தூரத்துக்கேற்ப ஏறியது. அந்த ஆண்டில் வந்த சட்டம், ஒரு சிறு கடிதத்துக்கு அரையணா என்று நிர்ணயித்தது. அடுத்த ஊருக்குப் போனாலும் அரையணா, ஆயிரம் மைலுக்கு அப்பால் போனாலும் அரையணா. வெள்ளைக்காரன் அதைத் தன் ஆட்சி வசதிக்காகச் செய்திருக்கலாம். ஆனால் அதில் இரண்டு நல்ல நியாயங்கள் அடங்கியிருந்தன. தொலைவில் பிறந்தது ஏழையின் குற்றமன்று என்பது ஒன்று. கூலி எவ்வளவு என்பது தபாலைப் பெட்டியில் போடுமுன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1877-இல் வி.பி.பி. முறை வந்தது. பொட்டலத்தை வீட்டு வாசலில் கண்ட பிறகே பணம் கொடுக்கலாம். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது உறையின் மேலேயே எழுதியிருக்கும். மாட்டுவண்டிக் காலத்தில் முடிந்த நாணயம் மின்னல் வேகக் காலத்தில் முடியாதா?

முடியும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. தோழர்கள் இதை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மத்திய அரசு 2020 ஜூலையில் மின்வணிக விதிகளை வெளியிட்டது. இணையச் சந்தையில் விற்பவர் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். அதன் உட்பிரிவில் தபால் செலவு, கையாளும் செலவு, வரி எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அந்த விதிகள் கூறுகின்றன. பழுதான பொருளையோ, சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த மற்றொரு அறிவிப்பு, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே போகும் தந்திரத்தைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது.

சட்டம் இருக்கிறது, பலன் எங்கே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சட்டம் எழுதியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். ஏமாந்தவர் கோட்டகுடியில் இருக்கிறார். தம் பக்கம் ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. தம் வீட்டுப் பழைய பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனி மனிதரை அந்த மின்வணிக விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. தொழிலாக, தொடர்ச்சியாக விற்பவருக்கே அவை பொருந்தும். ஏலக் குழுக்களிலோ தனி மனிதர்கள் மலிந்திருக்கிறார்கள். தொழிலாகவே நடத்திக்கொண்டு தனி மனிதர் வேடம் போடுகிறவர்களும் அவர்களிடையே நுழைந்துகொள்ள இடமிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. எந்த ஏலமானாலும் முதல் கேள்வி எழுமுன்பே தபால் செலவு எவ்வளவு என்று அறிவிக்கப்பட வேண்டும். மூன்று தரம் முடிந்த பின் அதில் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. பொருள் பழுதென்றால், போன தபால் செலவும் திரும்பும் தபால் செலவும் விற்றவரையே சேர வேண்டும். ஏலக் குழு நடத்திப் பணம் ஈட்டுகிறவர், 'நான் இடம் கொடுத்தவன் மட்டுமே' என்று கைகழுவித் தப்பக் கூடாது. தபால் இலாகா, மலையோரச் சிறு உற்பத்தியாளரின் பொட்டலங்களுக்கென்று குறைந்த கட்டணம் ஒன்றை வகுக்க வேண்டும். கூட்டுப் பொறுப்பாகச் சுமை பகிரப்படும்போதுதான் கடைக்கோடி மனிதனுக்கும் சந்தை திறக்கும். 1854-இன் நியாயம் 'கடிதத்துக்கு மட்டும்' என்று நின்றுவிடலாமா?

அரசிடம் கேட்பது ஒரு பாதி. நாமே செய்யவேண்டியது மறு பாதி. போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களில் உள்ள ஒவ்வொரு படிப்பகத்திலும், ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் சுவரிலே பெரிதாக எழுதி வையுங்கள்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சூரத்துக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டியதில்லை. வக்கீல் வைத்தாக வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர்ந்தால் போதும்.

படித்த இளைஞர்களுக்கு இதிலே தனிக் கடமை உண்டு. மாலையில் படிப்பகத்துக்கு வரும் தொழிலாளியின் செல்பேசியை வாங்கிப் பாருங்கள். கேட்குமுன் 'தபால் உள்பட மொத்தம் எவ்வளவு?' என்று எழுதிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் ஏலமே கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை காட்டிய திரையைப் படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள். பொட்டலத்தில் ஒட்டிய தபால் சீட்டைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுத்தான் சாட்சி. ஒரு தோழரின் புகார் காகிதம் காற்றில் பறக்கலாம். ஒரே கடைக்காரர்மீது ஐம்பது தோழர்கள் ஐம்பது சீட்டுகளோடு சேர்ந்து நின்றால் அதை எந்தக் காற்றும் அசைக்காது.

ஏலக்காய் மண்டபத்திலே நாலாவது தரம் இல்லை. ஏன் இல்லை? அங்கே கேட்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். செல்பேசி ஏலத்தில் நாலாவது தரம் இருக்கிறது. ஏன் இருக்கிறது? இங்கே கேட்பவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். சங்கம் கூலிக்கு மட்டும் என்று யார் சொன்னது? கூலியாக வாங்கிய காசு எந்தப் பொந்தின் வழியாகப் போகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான். மலையேறி உழைத்துச் சேர்த்த காசை, முகம் தெரியாத ஒருவர் தபால்தலையைக் காட்டிப் பறிக்க விடுவதா? விடக் கூடாது தோழர்களே! சேர்ந்து கேளுங்கள், கணக்குக் கேளுங்கள், கேள்வி முடியுமுன் கேளுங்கள்!